கோட்டுக்கு அளவெடுத்தபோது

குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போகும்முன் என் கணவர், எங்கள் குட்டி நாய் மணிக்குக் கழுத்தில் ஒரு பெல்ட் கட்டிவிட்டுப் போனார். அவர் கட்டியது என்பதால் எட்டு மாதமாக நான் அதை அவிழ்க்கவே இல்லை. மணி சடைநாய், மேலுக்கு எதுவும் தெரியாது.

பலமனேரில் மார்கழிக் குளிர் எலும்பைத் தொடும். நாய் நடுங்குகிறதே என்று பழைய ஸ்வெட்டரில் ஒரு கோட்டு தைக்க அளவெடுத்தேன். முதுகும் மார்பும் சரியாக வந்தன. கழுத்தில் மட்டும் நாடா படியவில்லை. விரலில் ஈரம், முகர்ந்தால் சீழ்.

நாயைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டு லட்சுமி முடியை விலக்கினாள். "பெல்ட்டு தோலுக்குள்ள பூந்துக்கினு கீதுக்கா. குட்டி வளரும்னு தெரியாதா உனுக்கு?"

எனக்கு அழுகை வரவில்லை. கை தானாக நாடாவைச் சுருட்டியது, விரித்தது, மறுபடி சுருட்டியது.

கால்நடை டாக்டர் பெல்ட்டை வெட்டி எடுத்தார். "இன்னும் பத்து நாள் வுட்டிருந்தா மூச்சு அடைச்சிருக்கும்மா" என்றார். மணி என் கையை நக்கியது. அப்போதும் மரத்துப்போய்தான் நின்றேன்.

புண் ஆறியதும் தளர்வாக ஒரு புதுப் பெல்ட் போட்டேன். இப்போது வாரம் ஒருமுறை அதைக் கழற்றிக் கழுத்தைத் தடவிப் பார்க்கிறேன். கணவர் போனில் "மணி எப்டி கீது?" என்று கேட்டால், "நல்லா கீது" என்று உடனே சொல்லிவிடுவதில்லை. "இருங்க" என்று ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டுப் போய், பெல்ட்டுக்குள் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறேன்.