எங்க தெருவுக்கு மட்டும் விடாத கிரகணம்

சில வருஷத்துக்கு முன்னாடி, ஒரு மார்கழி மாசக் காலையில, புதுச்சேரி முதலியார்பேட்டையில எங்க மாமியார் வீட்டுல நடந்தது இது. எனக்கு அப்ப ஒன்பதாம் மாசம். அன்னிக்கு சூரிய கிரகணம். காலையில எட்டு மணிக்குப் பிடிச்சு பதினோரு மணி சுமாருக்கு விட்டுடும்னு டிவியில சொல்லிட்டாங்க. வீட்டுக்காரர் கம்பெனிக்குப் போயிட்டார். வீட்டுல நானும் அத்தையும்தான்.

நான் பி.எஸ்சி. பிசிக்ஸ் படிச்சவ. அந்தப் பெருமை எனக்கு உண்டு, எங்க அத்தைக்கு அது ஒரு பொருட்டே இல்ல. விடிஞ்சதும் ரெண்டு இட்லியை வாயில திணிச்சு, என்னை உள் ரூம்ல தள்ளி, ஜன்னலைப் பழைய புடவையால மூடிட்டாங்க. எதையும் வெட்டக் கூடாது, கிழிக்கக் கூடாது, முக்கியமா சொறியக் கூடாது. சொறிஞ்சா குழந்தைக்கு அதே எடத்துல தழும்பு விழுமாம். அப்படிச் சொன்னாங்களோ இல்லையோ, எனக்கு உடம்பு பூரா அரிக்க ஆரம்பிச்சுடுச்சு.

அப்புறம் கூடத்துல பித்தளைத் தாம்பாளம் வச்சு, மஞ்சத் தண்ணி ஊத்தி, அதுக்கு நடுவுல உலக்கையை நட்டுக்க நிறுத்தினாங்க. கிரகணத்தன்னிக்கு மட்டும்தான் உலக்கை நிக்கும், விட்டதும் தானா விழுந்துடும்ங்கறது எங்க பக்கத்து நம்பிக்கை. தெருவுல எல்லார் வீட்டுலயும் மிக்ஸி வந்துட்டதால உலக்கை மிச்சம் இருந்தது எங்க வீட்டுல மட்டும்தான். அதனால மொத்தத் தெருவும் எங்க உலக்கையை நம்பித்தான் குளிக்காம, சமைக்காம, சாப்பிடாம உக்காந்திருந்துச்சு.

பதினோரு மணி தாண்டிடுச்சு. வெளியில ஒரே மேகமூட்டம், சூரியனைப் பார்த்தும் ஒண்ணும் சொல்ல முடியல. "அத்த, விட்டுடுச்சாம், டிவியில சொல்லிட்டான், பசிக்குது"ன்னு உள்ளேருந்து கத்தினேன்.

"டிவிக்காரனுக்கு என்னா தெரியும்? உலக்க நிக்குது பாரு."

நின்னுச்சுங்க. நல்லா ஜம்முனு நின்னுச்சு. கடலூர் ரோட்டுல போற லாரிக்கு எங்க வீட்டுக் கண்ணாடியெல்லாம் அதிரும், அதுக்குக்கூட அது அசையல. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருத்தர் போன் பண்ணி, "இன்னும் நிக்குதா?"ன்னு கேட்டுட்டு, பெருமூச்சு விட்டு வச்சாங்க.

எனக்குப் பொறுக்கல. "அத்த, உலக்கைக்கு அடி தட்டையா இருக்கு, பூண் வேற கனமா இருக்கு. நேரா வச்சா என்னிக்கு வச்சாலும் நிக்கும்"னு விளக்கினேன்.

"அப்ப நேத்து ஏன் நிக்கல?"

"நேத்து நீங்க நிறுத்திப் பாத்தீங்களா?"

"நேத்து என்னாத்துக்குடி நிறுத்தணும்? நேத்து கெரணமா?"



அந்த நேரம் பார்த்து முக்காட்டைப் போட்டுக்கிட்டு எதிர் வீட்டு சொல்தாம்மா வந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா, அதாவது சிப்பாயா இருந்தவர், அதனால தெருவுல அந்தப் பேரு. மகன் பாரீசுல இருக்கார். நேரா அவருக்கே போன் போட்டுக் கேட்டிருக்காங்க. "அங்க இன்னும் சூரியனே வரலையாம்டி! எட்டூருக்கும் கும்மிருட்டாம். கெரணம் எவ்ளோ பெருசுன்னு பாத்துக்க"ன்னாங்க. பாரீசுல அப்ப காலையில ஏழு மணிதான் ஆகியிருக்கும், குளிர்காலத்துல அங்க விடியவே லேட்டாகும்னு நான் சொன்னதை யாரு காதுல வாங்கினா? அத்தை கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

அடுத்த கால் மணி நேரத்துல எனக்கு இடுப்புல சுரீர்னு ஒரு வலி. எழுந்து நின்னேன், பனிக்குடம் உடைஞ்சுடுச்சு. "அத்த!"ன்னு நான் போட்ட சத்தத்துல ரெண்டு பேரும் ஓடி வந்தாங்க.

அத்தை என்னைப் பாத்தாங்க, உலக்கையைப் பாத்தாங்க. மூஞ்சி வெளுத்துப் போச்சு. "உலக்க நிக்கும்போது வாசப்படி தாண்டினா புள்ளைக்கு ஆவாது. செத்த பொறுத்துக்க சொல்லு"ன்னாங்க சொல்தாம்மா. புள்ளையைப் பொறுத்துக்கச் சொல்றதா! அத்தை தாம்பாளத்துக்கு முன்னாடி கையெடுத்துக் கும்பிட்டு, "விழுந்துடு சாமி, விழுந்துடு"ன்னு கெஞ்சினாங்க. எனக்கு இருந்த வலியில படிச்ச படிப்பெல்லாம் எங்க போச்சோ தெரியல, நானும் கூடத்துக்கு வந்து சுவத்தைப் புடிச்சுக்கிட்டு "விழுந்து தொலையேன்"னு அந்தக் கட்டையைப் பாத்துதான் அழுதுக்கிட்டு இருந்தேன். அது அசையவே இல்ல.

ரெண்டாவது வலி வந்து நான் கீழ உக்காந்துட்டேன். அத்தை எழுந்தாங்க. முந்தானையை இழுத்துச் சொருகினாங்க. என்ன ஏதுன்னு நாங்க பாக்கறதுக்குள்ள ஓங்கி ஒரு எத்து விட்டாங்க. உலக்கை பறந்து போய் பீரோவுல மோதி விழுந்துச்சு, தாம்பாளம் உருண்டுச்சு, மஞ்சத் தண்ணி பூரா சொல்தாம்மா புடவை மேல.

அத்தை வாசலுக்குப் போய், தெருவே அதிர்ற மாதிரி, "விழுந்துடுச்சு! கெரணம் விட்டுடுச்சு! யாராவது ஆட்டோ கூப்புடுங்க!"ன்னு கத்தினாங்க. படபடன்னு கதவெல்லாம் தொறந்துச்சு. நான் ஆட்டோவுல ஏறும்போது தெரு முழுக்க குக்கர் வைக்கிற சத்தம்.

ஆட்டோவுல என் தலையை மடியில சாய்ச்சுக்கிட்டு அத்தை ஏதோ முணுமுணுத்துக்கிட்டே வந்தாங்க. சாமி கும்புடறாங்கன்னு நெனச்சேன். காதைக் கொடுத்துக் கேட்டா, "ஒதைச்சது நான்தான். எதுனா வர்றதா இருந்தா எனக்கு வரட்டும், இவளையும் புள்ளையையும் வுட்டுடு"ன்னு திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

சாயங்காலம் பொண்ணு பொறந்தா. நர்ஸம்மா கையில குடுத்ததும் அத்தை துணியை விலக்கி, உதடு, காது, வெரலுன்னு ஒண்ணு விடாம தடவிப் பாத்தாங்க. அப்புறம் அங்கேயே தரையில உக்காந்து, வாயில புடவையை வச்சுக்கிட்டு அழுதாங்க.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் கழிச்சு ஒரு மத்தியானம் கூடத்துல உலக்கை தனியா நின்னுக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல அத்தை இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிக்கறாங்க. "போன்ல பாருடி, இன்னிக்கு எதுனா கெரணமா?"ன்னாங்க. இல்ல அத்தன்னேன். ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு, "ஏமாத்திக்கிட்டு இருந்திருக்குது, கட்டையில போறது"ன்னு திட்டிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

கிரகணத்துல ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்ச எனக்கு அன்னிக்கு வாசப்படி தாண்ட எந்தத் தைரியமும் தேவையே இல்ல, ஆனாலும் நானா தாண்டல. எல்லாம் இருக்குன்னு நம்பிக்கிட்டே, வர்றது தனக்கே வரட்டும்னு காலைத் தூக்கின அத்தையை நெனச்சா இன்னிக்கும் எனக்குக் கண்ணு கலங்கிடும்.