மாமா தந்த காணி

வக்கீலிடம் கட்சிக்காரர்கள் வழக்கை மட்டும் சொல்வார்கள். மிச்சக் கதை முழுவதும் கிளாக்கரின் தலையில்தான் கொட்டும். எழுபதுகளில் பெல்மதுளையில் ஒரு யாழ்ப்பாணத்து வக்கீலையாவிடம் கிளாக்கராக இருந்து அப்படிக் கதை கேட்டவன் நான். காணி வழக்கில் மாட்டி, கோட்டு வாசலில் காய்ந்தவரா நீங்கள்? அப்படியானால் நீங்கள் என் ஆள், செல்லம்மாவின் கதையைக் கேளுங்கள்.

சாட்சி

செல்லம்மா தோட்டத்துப் பெண், புருஷனை இழந்தவள். அவளுடைய தாய்மாமன் பழைய கங்காணி. தோட்டத்துக்கு வெளியே ஒரு துண்டுத் தேயிலைக் காணியும் வீடும் வாங்கியிருந்தார். "கடைசிவரைக்கும் என்னப் பாத்துக்க, காணி ஒனக்குத்தான்" என்று அவர் சொன்னதை நம்பி, தோட்டத்து வேலையில் பேரை வெட்டிக்கொண்டு, குடியிருந்த லயத்து வீட்டையும் விட்டுப் பிள்ளைகளோடு அங்கே போனாள். மாமாவை நன்றாகத்தான் பார்த்தாள். அவர் காணிக்கு உறுதிப் பத்திரம் எழுதாமலே கண்ணை மூடிவிட்டார். இப்போது அவர் மகன் காணியை விற்கப் போகிறான். விற்றால் இவளுக்கு ரோடுதான்.

பத்திரம் எழுதும் நொத்தாரிசு முன்னால் எழுதாத காணி வாக்குக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. பார்த்துக்கொண்டதற்கு நஷ்டஈடாவது கேட்கலாமே என்று வக்கீலையா, "அவர் சொன்னதுக்குச் சாட்சி இருக்கோ, பிள்ளை?" என்று கேட்டார்.

"இருக்குங்க, எங்க மாமாவே சொல்லுவாருங்க. அவரு செத்துட்டதுதாங்க ஒரே தொல்ல."

மகன்

நாங்கள் அனுப்பிய நோட்டீசோடு மகன் கொழும்பிலிருந்து எங்கள் ஆபீஸ் கந்தோருக்கே வந்துவிட்டான். சண்டைதான் என்று நான் எழுந்து நின்றால், அவன் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ கேட்டான். அத்தை மகள் அப்பாவை நன்றாகப் பார்த்தாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. வாக்கைத்தான் அவன் சட்டை செய்யவில்லை.

"அப்பா எனக்குந்தான் சைக்கிள் வாங்கித் தர்றேன்னு சொன்னாரு. அதுக்கு நான் யாரு மேல கேஸ் போடுறது?"

வாங்க வந்தவர்

எஹலியகொடையில் துணிக்கடை வைத்திருந்த ஹாஜியாரை மகன் காணி பார்க்கக் கூட்டி வந்தான். எங்கள் நோட்டீசைப் பற்றி அவர் காதில் போட வக்கீலையா என்னையும் அனுப்பினார். அவருக்குத் தேயிலை பிடித்தது, தண்ணீர் பிடித்தது. நோட்டீசைக்கூடப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் வீட்டு வாசலுக்கு நேரே, பூப்போட்டு விளக்கு வைத்த ஒரு மண்மேடு.

"எங்க மாமாங்க" என்றாள் செல்லம்மா.

புதைத்தபோது மண் போட்டவன் மகன்தான். விற்கிற நேரத்தில் இது இடைஞ்சலாகும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. ஹாஜியார் மரியாதையாக இரண்டடி பின்வாங்கி அவனிடம் சொன்னார்.

"தம்பி, ஒங்கட வாப்பா முந்தியே குடி வந்திட்டாரே. அவர எழுப்பிட்டு நான் இருக்க ஏலாது."

உறுதி

அடுத்து வந்த சிங்கள முதலாளியும் "அனே, எப்பா", ஐயோ வேண்டாம் என்று வாசலோடு திரும்பிவிட்டார். விற்கவும் முடியாமல், கொழும்பை விட்டு வரவும் முடியாமல் மகன் முழித்தான். கடைசியில், அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்க ஆள் வேண்டுமே என்று காணியைச் செல்லம்மாவுக்கே நன்கொடை உறுதியாக எழுதிவிட்டான். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம், எனக்கே காணி கிடைத்தால்கூட இருந்திருக்காது.

வக்கீலையாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "வாசலிலை புதைக்கச் சொல்லி உனக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"மாமாதாங்க குச்சி நட்டுக் காட்டினாரு. 'உறுதி எழுதினா மகன் கோவிச்சுக்குவான் புள்ள, நான் இங்கனயே படுத்துக்கிறேன்'னாருங்க."

சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி நாங்கள் வழி காணாத வழக்கை மனுஷன் படுத்துக்கொண்டே ஜெயித்துவிட்டார். ஊரில் பேர் மட்டும் எங்கள் கந்தோருக்கு.