மனூசோஸின் கீரைப்பாறை

காபிக்கடைக்குக் கிளம்புமுன் மனூசோஸ் பூந்தொட்டிக்குள் விரல்களை விட்டு, நகக்கண்ணில் ஈரமண் ஏறும்வரை துழாவுவார். பிறகு காய்ந்த முள்ளால் புறங்கையில் இரண்டு கீறல். ரத்தம் எட்டிப்பார்த்ததும் துடைக்காமல் தொப்பியை மாட்டிக்கொள்வார்.

கிரீட் தீவின் தென்கரையில், கடற்பாறை முட்புதர்களில் முளைக்கும் ஸ்தம்னகாதி என்ற கசப்புக்கீரையை உயிரைப் பணயம் வைத்து அறுத்து வருகிறவர் என்று அவருக்குப் பேர். கீரை என்னவோ அடுத்த ஊர்த் தோட்டத்தில் சொட்டுநீர் குடித்துக் கொழுத்தது. அதில் நாலு முள்ளையும் ஒரு பிடி மண்ணையும் தூவுவதோடு வீரம் முடிந்தது. பாறையில் வழுக்கிய கதையை வீட்டிலும் ஆரம்பித்தால், மனைவி ஆர்கிரோ பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுவாள்.

மகள் கலியோப்பிக்கு மோதிரம் மாற்றிய விருந்தில், மாப்பிள்ளையின் அப்பா சீஃபிஸ் கீரையை மென்றபடி சொன்னார்.

“சம்பந்தி, நாளைக்கு உங்க பாறைக்கு நானும் வரேன்.”

“கீரை எடுக்கற இடத்தை யாரும் காட்டறதில்லையே, சம்பந்தி.”

“பொண்ணையே குடுக்கறீங்க. இடத்தைக் காட்ட மாட்டீங்களா?”

ஆர்கிரோ கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தன் மூத்த மகனுக்குப் பார்த்த பெண்வீட்டார் ஆட்டுக் கணக்கில் பொய் சொன்னார்கள் என்று மோதிரத்தைத் திருப்பி வாங்கிய மலைக்காரர் சீஃபிஸ்.

“பாறைன்னா கீரை இல்லாமலா போயிடும்?” என்றார் மனூசோஸ் சமையலறையில்.

“இருக்கும். அதோட மூஞ்சி உங்களுக்குத் தெரியுமா?”

தெரியவில்லை. மறுநாள் சாப்பாட்டுக் கூடையோடு பின்னால் போன ஆர்கிரோ கண்ணாலேயே பார்த்தாள். தோட்டத்துக் கீரைபோல் கொழுகொழுவென்று எதையோ தேடி, அவர் புதர்களை மிதித்துக்கொண்டே நடந்தார். ஒவ்வொரு சாம்பல்நிற முள்பந்துக்குள்ளும், கத்தியே படாத கீரை தரையோடு ஒட்டிக் கிடந்தது.

“இந்த வருஷம் மழை சரியில்ல. ஒண்ணுமே முளைக்கல” என்றார்.

சீஃபிஸ் அவர் செருப்புக்கடியில் நசுங்கிய கீரையை வெகுநேரம் பார்த்தார். மகள் விரலிலிருந்து மோதிரம் கழன்றுவிட்டதாகவே ஆர்கிரோ நினைத்தாள்.

“ஆமா சம்பந்தி. ஒண்ணுமே இல்ல.”

அன்று மாலை காபிக்கடையில் மனூசோஸின் தோளைத் தட்டி, “இவரு கால் படாத புதரே இல்ல” என்று வேறு சொன்னார். அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்ட ஒரே ஆளும் மனூசோஸ்தான். ஈஸ்டர் முடிந்து கல்யாணம் நடந்தது.

பேத்தி பிறந்தபோது சம்பந்தி வீட்டுக்குப் போன ஆர்கிரோவிடம், கொல்லையில் குவிந்திருந்த கீரையை அலசியபடி கலியோப்பி சொன்னாள்: பாறைக்குப் போன மறுநாள் விடியலிலேயே மாமா இரண்டு சாக்குகளோடு தனியாக அங்கே திரும்பியிருக்கிறார், அன்றிலிருந்து வாரம் தவறுவதில்லை.