மாத்திரையின் மஞ்சள்

பிள்ளைகளே, உங்கள் பிறந்தநாளுக்குக்கூட வீட்டில் குடிக்கச் சிவப்பு சிரப் கலக்க விடாத அப்பா நான். அதற்கான காரணத்தை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கிள்ளானில் மீ என்கிற நூடுல்ஸ் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். மாவில் கலர் தூள் கொட்டுவது என் பொறுப்பு. ஒரு கரண்டி போட்டால் தொட்டி முழுக்க மஞ்சளாகிவிடும். கையில் ஏறிய நிறம் சோப்புக்கும் போகாது. தூளில் என்ன இருக்கிறது என்று மேற்பார்வையாளரைக் கேட்டேன். "சாப்பிடுற கலர்தான் லா," என்றார். ஆனால் அவர் எங்கள் மீயைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு என் வயிறு கெட்டது. வாரக்கணக்கில் இரத்தமாகப் போயிற்று. பெருங்குடல் புண்ணாகி வீங்கியிருக்கிறது, ஆறாவிட்டால் வெட்டி எடுக்க வேண்டிவரும் என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா. மாத்திரை கொடுத்து, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதிவரவும் சொன்னார். விடுவேனா? சாஸ், சிரப், பாக்கெட் மீ, லட்டு எல்லாம் நோட்டில் ஏறின; அவற்றைத் தொடுவதையும் விட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஜிலேபி வாங்கிவந்த உங்கள் மாமாவை வாசலிலேயே நிறுத்தினேன். இரத்தம் நின்றது. பத்தியத்தால்தான் நின்றது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் வெளிச்சத்தில் கவனித்தேன். என் சிறுநீர் எங்கள் மாவுத் தொட்டியின் அதே மஞ்சள். மாத்திரையும் மஞ்சள். ஆஸ்பத்திரியிலும் கலர் தூளா? யாரிடமும் கேட்கவில்லை. அன்றிலிருந்து மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, உங்கள் அம்மா திரும்பியதும் பிஸ்கட் டின்னில் துப்பினேன்.

மூன்று வாரம் வெறும் கஞ்சிதான் குடித்தேன். ஆனாலும் இரத்தம் திரும்பி வந்தது. வேலையிடத்திலேயே மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரிக்கு மாற்றுத்துணி எடுக்க அலமாரியைத் திறந்த உங்கள் அம்மா, டின்னோடு வந்து நின்றாள். மஞ்சளைப் பற்றிய என் சந்தேகத்தைச் சொன்னேன்.

"ஊர்ல உள்ள பாட்டில் லேபிளையெல்லாம் திருப்பித் திருப்பிப் படிச்சீங்களே, இத டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டா வாய் வலிக்குமா?"

டாக்டரம்மா டின்னுக்குள் பார்த்தார். "அது மருந்தோட நிறம். நீங்க மாவுல கொட்டுற தூள் இல்ல. மீ ஒத்துக்கலன்னா விட்டுடுங்க. ஆனா அதுதான் நோய்க்குக் காரணம்னு என்னால சொல்ல முடியாது. மருந்த மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க."

மாத்திரையை மறுபடி விழுங்கத் தொடங்கினேன்; குடல் தப்பியது. கலர் தூளை மட்டும் நான் இன்றுவரை நம்பவில்லை. உங்கள் அம்மாவோ என்னை நம்புவதில்லை. மாத்திரை நேரத்துக்குத் தண்ணீரோடு முன்னால் வந்து நின்று, "நாக்கத் தூக்குங்க," என்கிறாள்.

தூக்கிக் காட்டுகிறேன்.