ஸ்டிக்கர் ஒட்டுகிறவனின் நியாயம்

என் தம்பியைத் தெருவில் எல்லோரும் ஸ்டிக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். தீயணைப்பு சிலிண்டர்களுக்குப் பொடி நிரப்பும் பட்டறையில் அவனுக்கு வேலை. கடை, கிடங்கு, ஆபீஸ் சுவர்களில் தொங்கும் சிவப்பு சிலிண்டரை வருஷா வருஷம் கழற்றி வந்து, பழைய பொடியைக் கொட்டி, புதிதாக நிரப்பி, அழுத்தம் ஏற்றி, தேதி போட்ட ஸ்டிக்கர் ஒட்டித் தர வேண்டும். இதில் அவன் மனதாரச் செய்தது கடைசி வேலை ஒன்றைத்தான். மண்ணெண்ணெய்த் துணியால் சிலிண்டரைப் பளபளவென்று துடைப்பான். பழைய ஸ்டிக்கரை வெந்நீர் போட்டு உரித்துவிட்டுப் புதியதை ஒட்டுவான். வெளியே அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கும், உள்ளே பொடி சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கும். யார் பார்க்கப் போகிறார்கள் என்பான்.

அந்த ஒரு கேள்விதான் அவனுடைய மொத்த வேதமும். இன்ஸ்பெக்டர் வந்து பிரித்துப் பார்க்கும் இடமென்றால் ஒழுங்காக நிரப்புவான். வராத இடமென்றால் துணியும் வெந்நீரும்தான். நல்லது கெட்டது என்பதெல்லாம் அவனுக்கு இன்ஸ்பெக்டர் வருகிற தெரு, வராத தெரு, அவ்வளவே.

நான் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளிடம் ஒன்று கேட்பேன். ஒருத்தன் கால் தடுக்கி ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டான்; இன்னொருத்தன் வேண்டுமென்றே அடுத்தவன் சட்டையில் ஒரு சொட்டு மை தெளித்தான்; யார் செய்தது பெரிய தப்பு? சின்னதுகள் குடம் என்றுதான் கத்தும். நிறைய கொட்டியதே, நிறைய அடி விழுமே. அதே பிள்ளைகளை நாலைந்து வருஷம் கழித்து வராந்தாவில் பிடித்துக் கேட்டால், "மை தெளிச்சவன்தான் டீச்சர், வேணும்னே பண்ணினான்ல" என்று சொல்லிவிட்டு ஓடும். இதில் பெரிய ஞானமெல்லாம் இல்லை, பல் முளைப்பது மாதிரி. என் தம்பிக்கு அந்தப் பல் முளைக்கவே இல்லை. நரை விழுந்த பிறகு அவனிடமும் கேட்டுப் பார்த்தேன். "மை தெளிச்சதை டீச்சர் பாத்தாங்களா?" என்றான்.

சிறு வயதிலும் அப்படித்தான். அப்பா கை ஓங்கினால் அழுவான், கையை இறக்கினால் அதையே மறுபடி செய்வான். எதற்கு அடி என்று யோசித்ததே கிடையாது, எப்போது விழும் என்பதில் மட்டும் படு கெட்டி. வளர்ந்ததும் நம்மாள், வேற்றாள் என்று ஒரு கணக்கு வந்தது. எங்கள் வீட்டுச் சிலிண்டருக்கு மட்டும் பொடியை அளவு பிசகாமல் நிரப்பி மாட்டினான். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வான்.

போன மாதம் ஒரு துணிக் கிடங்கில் தீப்பிடித்தது. காவலாளி சிலிண்டரைத் தூக்கி, பின்னைப் பிடுங்கி அழுத்தியிருக்கிறார். புஸ்ஸென்று காற்று மட்டும் வந்திருக்கிறது. ஈரச் சாக்கால் அடித்து அணைக்கப் பார்த்ததில் இரண்டு கையும் வெந்துபோயின. உள்ளே படுத்திருந்த சுமைதூக்கும் ஆள் பிழைக்கவில்லை. கிடங்குக்காரர் போலீஸிடம் ஒரே போடாகப் போட்டார்: இந்தக் காவலாளி சிலிண்டரைத் தொடவே இல்லை, தொட்டிருந்தால் தரையில் பொடி கிடக்காதா? பொடி இல்லைதான். அழுத்தம் இறங்கியதைக் காட்டியிருக்க வேண்டிய முள்ளும் தீயில் கருகிவிட்டது. காவலாளி மேல் கேஸ் விழுந்தது.

"நம்ம சிலிண்டர்தான்" என்றான் தம்பி, சாப்பிட்டுக்கொண்டே.

"அப்போ போய்ச் சொல்லுடா. அந்த மனுஷன் தப்பிச்சுப்பாரு."

"அவன் என்ன நமக்கு மாமனா மச்சானா? எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. நான் என்ன புதுசாவா பண்ணிட்டேன்?"

"ஒரு ஆள் செத்திருக்காருடா."

"தீ வச்சது நானா?" என்று கேட்டுவிட்டு, தட்டை நகர்த்தி இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னான். இவனோடு ஒரே வயிற்றில் பிறந்தேனே என்று சோற்றுப் பானையை மூடிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலையில் நானே ஸ்டேஷனுக்குப் போனேன். அந்தச் சிலிண்டரை அறுத்துப் பாருங்கள், பொடி உள்ளேயே இறுகிக் கிடக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஸ்டேஷன் சமாச்சாரம் எது ஸ்டேஷனுக்குள் தங்கியிருக்கிறது? அறுக்கப் போகிற செய்தி அன்றைக்கே பட்டறைக்குப் போய்விட்டது.

தம்பி அடித்தான் பாருங்கள் ஓர் அந்தர் பல்டி. பட்டறை முதலாளி சுதாரிப்பதற்குள் ஒரு வக்கீலைப் பிடித்துக்கொண்டு ஓடி, "முதலாளி சொன்னாரு, செஞ்சேன், இப்போ மனசு கேக்கலை" என்று விக்கி விக்கி அழுது, அப்ரூவர் ஆகிவிட்டான். சிலிண்டரை அறுத்தார்கள். அடியில் பொடி செங்கல் மாதிரி கட்டியாக இருந்தது. முதலாளி உள்ளே போனார், காவலாளி வெளியே வந்தார். மனசாட்சியுள்ள தொழிலாளி என்று பேப்பரில் நாலு வரி வந்தது. அதை வெட்டி பிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறான், வெட்கங்கெட்டவன்.

நேற்று அந்தக் காவலாளி தன் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. டீயைக்கூட அந்த அம்மாதான் அவர் வாயில் வைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கும்பிட முடியாமல் கட்டுப் போட்ட கைகளை நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து, தம்பியைப் பார்த்து, "உங்க மனசாட்சிதான் சார் என்னைக் காப்பாத்துச்சு" என்றார்.

"மனசாட்சியெல்லாம் ஒண்ணுமில்லப்பா. சிலிண்டரை அறுக்கப் போறாங்கன்னு தெரிஞ்சுது, முந்திக்கிட்டேன். இல்லன்னா நான் எதுக்கு வாயைத் திறக்கப் போறேன்?"

அவன் வாழ்நாளில் சொன்ன ஒரே நிஜம் அதுவாகத்தான் இருக்கும். காவலாளி கண் கலங்கி என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களாம்மா, எவ்வளவு அடக்கம்."

"அடக்கமில்லப்பா. அவன் சொல்றது அத்தனையும் நிஜம்" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அக்கா தம்பின்னா இப்படித்தான் ஒருத்தரை ஒருத்தர் வாரிக்குவீங்க" என்று சிரித்தார் அவர்.

தம்பிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "இனிமே சிலிண்டரை எடுத்தா முதல்ல நல்லா குலுக்கிப் பாரு. உள்ள பொடி அசையலைன்னா இறுகிப்போச்சுன்னு அர்த்தம். இதெல்லாம் தெரிஞ்சு வச்சுக்க வேணாமா?" என்று புத்தி சொன்னான்.

காவலாளி தன் கைகளைக் குனிந்து பார்த்தார்.

"தெரியாமப் போச்சு சார்," என்றார். "என் தப்புதான்."