துலாமாசத்து இடியும் இரண்டு டிஸ்க் பெட்டியும்

தொழில்நுட்பச் சாதனம் எதையும் வாங்குவதற்கு முன் குறைந்தது மூன்று கொட்டேஷன்கள் பெறப்பட வேண்டும். சந்தேகங்கள் இருப்பின், தயாரிப்பாளரிடமிருந்து எழுத்துமூலம் விளக்கம் பெற்ற பிறகே கொள்முதல் செய்யப்பட வேண்டும். நான் சர்வீஸில் இருந்தவரை இந்த விதியை மீறி என் செக்‌ஷனுக்குள் ஒரு குண்டூசிகூட வந்ததில்லை. குண்டூசியே வராமல் போன வருடங்களும் உண்டு. அதற்காக விதியைக் குறை சொல்லக் கூடாது.

ஓய்வுபெற்றுக் கேரள எல்லையை ஒட்டிய மீனாட்சிபுரத்துக்கு வந்த பிறகு இவ்வளவு ஞானத்தையும் பயன்படுத்த இடமில்லாமல் இருந்தேன். பால் சொசைட்டிக்காரர்கள் ஒருமுறை ஆலோசனைக்கு அழைத்தார்கள். இரண்டாவது முறை அழைக்கவில்லை.

அந்தக் குறையை என் மகள் தீர்த்து வைத்தாள். அவள் கல்யாணங்களுக்குப் போட்டோவும் வீடியோவும் எடுப்பவள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவளுக்கு வாடிக்கை உண்டு. எங்கள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். எடுத்த கல்யாணங்களையெல்லாம் தனித்தனி ஹார்ட் டிஸ்க்குகளில் போட்டு, தீபாவளிக்கு வந்த ஒரு மைசூர்பாகு டப்பாவில் அடுக்கி வைத்திருந்தாள். வைகாசி முகூர்த்தங்கள் முடிந்த சமயத்தில் அதில் ஒரு டிஸ்க் பேச்சை நிறுத்திக்கொண்டது. நல்லவேளை, அந்தக் கல்யாணம் கேமரா கார்டிலும் இருந்தது. மறுநாள் அதை அழித்துவிட்டு வேறு கல்யாணத்துக்குப் போவதாக இருந்தாளாம்.

“தாலி கட்டுனத இன்னொருக்கா கட்டச் சொல்ல முடியுமாப்பா?” என்றாள். “ஒரே ஒரு கல்யாணம் தொலஞ்சா போதும். இங்கிருந்து பொள்ளாச்சி வரைக்கும் ஒரு ஊட்லயும் என்னயக் கூப்புட மாட்டாங்க. மறுக்காவும் கோயமுத்தூர்ல முன்ன வேல பாத்த அந்தக் கம்பெனிக்கே போயி உக்கார வேண்டியதுதான்.”

அவளுக்குத் தேவைப்பட்டது நாஸ் என்று கடைக்காரர்கள் சொல்லும் ஒரு பெட்டி. வீட்டு நெட்டோடு இணைத்துவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் அதில் சேமிக்கலாம். உள்ளே இரண்டு டிஸ்க்குகள். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதிவாகும். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். எங்கள் ஆபீஸில் ஒரே வேலைக்கு இரண்டு கிளார்க்குகள் இருந்ததும் இதே தத்துவத்தில்தான். என்ன, அங்கே இரண்டு பேரும் ஒரே நாளில் லீவு போடுவார்கள்.

முதல் கொட்டேஷனுக்குப் பொள்ளாச்சிக் கடைக்குப் போனோம். விலையைக் கேட்டுத் தலையசைத்த பிறகுதான் கடைக்காரர் சொன்னார்: “டிஸ்க்கு தனிங்க சார். இது வெறும் பொட்டி.”

“வெறும் பொட்டிக்கா இந்த வெல?”

“மாட்டுக் கொட்டாய் போட்டுக் குடுக்கறவன் மாட்டையும் சேத்தியா சார் கட்டிட்டுப் போவான்?”

எங்கள் ஊரில் பாதிப்பேர் மாட்டை நம்பிப் பிழைப்பவர்கள். இதற்கு மேல் வாதம் செய்ய எனக்கு இடமில்லை. இரண்டு மாட்டுக் கொட்டாயா நாலு மாட்டுக் கொட்டாயா என்று அடுத்த அரை மணி நேரம் அவரும் என் மகளும் பேசினார்கள். இரண்டு போதும் என்று முடிவாயிற்று.

இரண்டாவது கொட்டேஷன் பாலக்காட்டில், மூன்றாவது இணையத்தில். ஒப்பீட்டு அட்டவணை தயாரித்து, நாலு சந்தேகங்களை எழுதிப் பெட்டி செய்யும் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அதில் மூன்றாவது சந்தேகம்தான் முக்கியம். துலாமாசம், அதாவது மலையாளத்து ஐப்பசி, பிறந்தால் எங்கள் பக்கம் மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கமிருந்து இடி வரும். முதல் உறுமல் கேட்டதும் ஊரிலுள்ள அத்தனை வீடுகளிலும் டிவி, ஃப்ரிட்ஜ், மிக்ஸி என்று எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்தப் படைக்குத் தளபதி என் மனைவி. பெட்டியின் கையேடோ, ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கவே கூடாது என்கிறது. இரண்டு விதிகள் முரண்படும்போது மேலிடத்து விளக்கம் பெறுவதுதானே முறை?

இரண்டு வேலை நாட்களுக்குள் பதில் தரப்படும் என்று உடனே ஒரு தானியங்கிப் பதில் வந்தது. இவ்வளவு பொறுப்பான நிறுவனமா என்று மகிழ்ந்தேன்.

ஆடி போயிற்று. ஆவணியும் போயிற்று.

“அப்பா, அந்தக் கம்பெனியில வேலை நாளே வரலயாக்கு?” என்று மகள் தினமும் காப்பியோடு ஒரு கேள்வி வைப்பாள். புரட்டாசியில் ஒருநாள் நான் பென்ஷன் விஷயமாக ட்ரஷரிக்குப் போய்த் திரும்பினால், முன்னறையில் பெட்டி பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. விளக்கம் வரவில்லை, என் சிபாரிசும் இல்லை. பொள்ளாச்சிக் கடைக்காரரே வந்து மாட்டிக் கொடுத்திருக்கிறார்.

நடந்ததை ஒழுங்குபடுத்துவதும் ஒரு நடைமுறைதான். இரண்டு ஆணைகள் பிறப்பித்தேன். முதலாவது, ரெக்கார்ட் ரூம் விதி: அசலும் நகலும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்கில் எடுத்துப் பொள்ளாச்சியில் அவள் பெரியம்மா வீட்டில் வைக்க வேண்டும்.

“கல்யாணத்தையெல்லாம் கொண்டுபோயிப் பெரியம்மா பீரோவுல பூட்டச் சொல்றீங்க,” என்று முனகினாலும் செய்தாள்.

இரண்டாவது ஆணை மனைவிக்கு: இடி கேட்டால் முதலில் பெட்டியின் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும், விளக்கு அணையும்வரை காத்திருக்க வேண்டும், அதன் பிறகே பிளக்.

“ஏனுங்க, நீங்க சொல்ற லைட்டு அணையற வரைக்கும் இடி வெளிய செருப்பக் கழட்டிப்போட்டு நின்னுட்டிருக்குமாக்கு?” என்று கேட்டாள். கேட்டாளே தவிர, ஆணைப்படியே நடந்தாள். அரசாங்கத்தில்கூட இவ்வளவு ஒத்துழைப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் பக்கத்துத் தோட்டத்துத் தென்னையில் இடி விழுந்தது. வீட்டில் ஒரு பிளக்கும் சுவரில் இல்லை. மோடத்தின் பிளக்கும் தரையில்தான் கிடந்தது. மனைவி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். மழை விட்டு எல்லாவற்றையும் திரும்ப மாட்டியபோது மோடம் எழுந்திருக்கவில்லை. பெட்டிக்கு விளக்கு வந்தது. எந்தக் கம்ப்யூட்டரோடும் அது பேசவில்லை.

கேபிள்காரர் தென்னைக்குத் தென்னை கட்டி இழுத்து வந்த ஒயர் மோடத்தில் செருகியபடியே இருந்தது. மோடத்திலிருந்து பெட்டிக்கு ஒரு நீல ஒயர், அதுவும் செருகியபடியே. இடிக்கு எங்கள் ஊரில் யாரும் அந்த ஒயர்களைப் பிடுங்குவதில்லை. அது கரண்ட் ஒயர் இல்லையே! இடிக்கு இந்தப் பாகுபாடு தெரிந்திருக்கவில்லை.

மகள் பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோவிந்தாபுரத்துக் கல்யாணம் ஒன்று அதில்தான் இருந்தது. கார்டுகளை அழித்தாகிவிட்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த வாரக் கடைசியில் துபாய்க்குக் கிளம்புகிறார்கள். அதற்குள் வீடியோவைக் கொடுப்பதாக வாக்கு. கோயமுத்தூர்க் கம்பெனியைப் பற்றி அவள் வாயைத் திறக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு எழுந்து வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போனாள். நான் செய்தித்தாளின் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய போன் வந்தது.

“அப்பா, உங்க டூப்ளிகேட் ஃபைலு பொழச்சுக்கிச்சு. கோவிந்தாபுரம் முழுசும் இருக்குது. பெரியம்மா சேலைக்கு நடுவுல பத்திரமா வெச்சிருந்தாங்க.”

“கூரை மாறியிருந்தா எப்பவும் பொழைக்கும்,” என்றேன். அதன் பிறகுதான் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

கோவிந்தாபுரத்தார் துபாய்க்குப் போகும் முன்பே வீடியோவை வாங்கிக்கொண்டார்கள். அந்த வீட்டிலேயே அடுத்த பெண்ணின் கல்யாணத்துக்கும் இவளைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பெட்டியில் நெட் ஒயர் செருகும் வாய் மட்டுமே கருகியிருந்தது. கடைக்காரர் அதே மாதிரி வேறொரு கொட்டாயில் மாடுகள் இரண்டையும் கட்டினார். இரண்டும் சுகமாக இருந்தன. மனைவியின் பிடுங்கல் பட்டியலில் நீல ஒயரும் சேர்ந்தது.

எல்லாம் அடங்கிய பிறகு கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. என் பொறுமைக்கு நன்றி கூறியிருந்தார்கள். மூன்றாவது சந்தேகத்துக்கு விளக்கம் இதுதான்: இடி மின்னலின்போது சாதனத்தை முறையாக அணைத்துவிட்டு, மின் ஒயரோடு நெட்வொர்க் ஒயரையும் தவறாமல் கழற்றிவிட வேண்டும். தெளிவான, பிழையில்லாத விளக்கம். மேலே தேதி பார்த்தேன். எங்கள் வீட்டு மலையாளக் காலண்டர் கணக்கில், துலாமாசம் முடிந்து விருச்சிகம் ஒன்று.