டேப்லெட் மேல் கவிழ்ந்த கூடை

செந்தமிழ்ச்செல்வி அவள் வீட்டின் முதல் பட்டதாரி. கரும்பு வெட்டப் போகும் அப்பாவுக்கு மகளின் வேலை இன்னும் பிடிபடவில்லை. “சின்னப் பசங்களுக்கு விளையாட்டு செய்யறேம்பா” என்றால், “அதுக்கா நாலு வருசம் படிச்ச?” என்பார். அந்தச் சந்தேகம் சில நாள் அவளுக்கும் வந்துபோகும்.

கள்ளக்குறிச்சியில் மூன்றே பேர் இருக்கும் நிறுவனம். அவளுடைய முதல் விளையாட்டில், திரையில் ஒரு கோழி மேயும். பொழுது சாய்ந்ததும் கண் சொக்கும். திரையிலேயே இருக்கும் கூடையைக் குழந்தை விரலால் இழுத்துக் கோழியை மூட வேண்டும். தெரிந்த காரியத்தைத் தானும் செய்துபார்த்துதான் மூன்று வயதுக் குழந்தை கற்கும் என்று படித்திருந்தாள். ராத்திரி கோழியைக் கூடையால் கவிழ்த்து மூடுவதைப் பார்க்காத குழந்தை மலையூர்களில் ஏது? சோதனைக்கு உட்காரும் ஐந்து குழந்தைகளில் மூவராவது மூடாவிட்டால் விளையாட்டைக் கைவிடுவதாக நிறுவனம் நடத்தும் பகலவன் சொல்லியிருந்தார்.

வெள்ளிமலை அங்கன்வாடியில் டேப்லெட்டைத் தரையில் வைத்தாள். கோழிக்குக் கண் சொக்கியது. ஐந்து தலைகள் குனிந்தன. ஒரு விரலும் நீளவில்லை.

திடீரென்று அவர்களில் சுபஸ்ரீ என்ற சிறுமி எழுந்து ஓடினாள். மூலையிலிருந்த கூடையின் பொம்மைகளைத் தரையில் கொட்டிவிட்டு, வெறுங்கூடையை டேப்லெட் மேல் கவிழ்த்தாள். மற்ற நால்வரும் வாசலிலிருந்து ஒரு கல்லை உருட்டிவந்து மேலே ஏற்றினார்கள்.

“பாப்பா, வெரலால தொட்டு...” என்று தொடங்கினாள் செந்தமிழ்ச்செல்வி.

“உஷ்! கோழி தூங்கிக்கினு இருக்குது,” என்றாள் சுபஸ்ரீ.

“கொஞ்சம் தொறந்து பாக்கட்டா?”

“கீரி வந்தா நீ பாத்துக்குவியா?”

சத்துமாவு கிண்டிக்கொண்டிருந்த அங்கன்வாடி டீச்சர் அம்சவள்ளி கரண்டியை விட்டுவிட்டுச் சிரித்தார். “இன்னாம்மா, உன் பொட்டி உள்ள போயிடுச்சே! இனி விடிஞ்சாதான் குடுப்பாங்க.”

பகலவனிடமிருந்து போன். “எத்தினி பேர் தொட்டாங்க?”

“ஒருத்தரும் தொடலண்ணா. அஞ்சு பேரும் மூடிட்டாங்க!” சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. “கூடை வெளிய இருக்கட்டும்ணா, நிஜக் கூடை. டேப்லெட்ல வெளிச்சம் பாக்குற சென்சார் கீது இல்ல? இருட்டானா கோழி தூங்கட்டும். வெளிச்சம் பட்டா எந்திரிக்கட்டும்.”

பகலவன் கேட்டார்: “சாயங்காலத்துக்குள்ள மாத்திக் காட்டுவியா?”

“காட்டுறேண்ணா!”

காட்டலாம்தான். டேப்லெட் வேண்டுமே! கூடையைச் சுற்றி ஐந்து காவலாளிகள். செந்தமிழ்ச்செல்வி மண்டியிட்டு, கழுத்தை நீட்டி, மூச்சு முட்டக் கூவினாள்: “கொக்கரக்கோ!”

குழந்தைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுபஸ்ரீ ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். பளீரென்று வெயில்.

“விடிஞ்சிடுச்சி,” என்று அறிவித்துவிட்டு, கல்லில் கை வைத்தாள்.